காயலான் கடை 5.3 எல்எஸ்ஸில் டர்போ: அறிகுறியைப் பார்த்து உள்கோளாறைப் பிடிப்பது

அமெரிக்காவில் கையைக் கடிக்காத செலவில் டிராக் ரேஸ் (நேர்க்கோட்டில் கால் மைல் ஓடும் பந்தயம்) ஓட்ட நினைக்கிறவர்கள் முதலில் தேடிப்போகிற இன்ஜின் ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் குடும்பத்து 5.3 லிட்டர் வி8. 1999-லிருந்து ஷெவர்லே சில்வராடோ, ஜிஎம்சி சியரா மாதிரியான பிக்கப் வண்டிகளில் வந்தது. வண்டி நசுங்கிப்போனாலும் இன்ஜின் பிழைத்திருக்கும் என்பதால் காயலான் கடையில் சுலபமாகக் கிடைக்கும். இரும்பு பிளாக், 96 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 92 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), கிராங்கைப் பிடித்துவைக்கும் ஒவ்வொரு மெயின் கேப்புக்கும் ஆறு போல்ட். கம்பெனியிலிருந்து வரும்போது எல்எம்7 ரகம் கொடுத்தது 270 முதல் 295 குதிரைத்திறன். அதில் ஒரு டர்போவை (எக்ஸாஸ்ட் புகையால் சுழன்று காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி) போட்டு 700, 800 என்று இழுக்கிறார்கள். இழுக்கவும் செய்கிறது. சிக்கல் அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

ஏதாவது ஒன்று உடைந்ததும் முக்கால்வாசிப் பேர் செய்வது ஃபோர்ஜ்டு (வார்க்காமல் அடித்து உருவாக்கிய) ராடும் பிஸ்டனும் ஆர்டர் போடுவது. உடைந்த பாகம் பெரும்பாலும் குற்றவாளியே இல்லை. எரிபொருள் பற்றாமல் போனது, ரிங் இடைவெளி போதாமல் போனது, ஆயில் காற்றோடு கலந்தது, இப்படி ஏதோ ஒன்று அதைக் கொன்றிருக்கும். காரணத்தை அப்படியே விட்டுவிட்டு விலை கூடின பாகத்தைப் போட்டால் அதுவும் சாகும், கொஞ்சம் தாமதமாக. அதனால் இங்கே அறிகுறியில் தொடங்கி, காரணத்தைப் பிடித்து, அதற்குப் பிறகு எதை பலப்படுத்துவது என்று போகலாம்.

அளவுகள் எல்லாம் அங்குலக் கணக்கில்தான் வரும். இந்த இன்ஜினுக்கு அங்கே மெஷின் ஷாப்பில் அப்படித்தான் பேசுகிறார்கள். ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை நம் லேத் பட்டறைகளில் சொல்வதுபோல் ‘தவு’ என்றே எழுதுகிறேன்.

கையில் இருப்பது எந்தத் தலைமுறை?

இதைத் தெரிந்துகொள்ளாமல் எதையும் வாங்காதீர்கள். மூன்றாம் தலைமுறை என்றால் கேம் சென்சார் பிளாக்கின் பின்பக்கம் இருக்கும், நாக் சென்சார்கள் (உள்ளே எரிபொருள் வெடித்துத் தட்டுவதை உணர்பவை) இன்டேக்குக்கு அடியில் புதைந்திருக்கும், கிராங்கில் 24 பல் சக்கரம். நான்காம் தலைமுறையில் கேம் சென்சார் முன்பக்க மூடிக்கு வந்துவிட்டது, நாக் சென்சார்கள் பிளாக்கின் பக்கவாட்டில், சக்கரத்தில் 58 பல். பெரிய வித்தியாசம் கான்ராடில் இருக்கிறது. மூன்றாம் தலைமுறையில் பிஸ்டன் பின் (பிஸ்டனை ராடோடு இணைக்கும் உருளை) ராடுக்குள் இறுக்கி அடித்தது. நான்காம் தலைமுறையில் புஷ்ஷுடன் மிதக்கிற பின், ராடின் உடலும் தடிமன். பழைய ராடை 600, 650 குதிரைக்கு மேல் நம்புகிறவர்கள் குறைவு. புதியதை 800, 900 வரை தைரியமாக ஓட்டுகிறார்கள். இரண்டும் ஒரே விலையில் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம்.

திறப்பதற்கு முன்

இன்ஜினை இறக்குவதற்கு முன்னால் நான்கு வேலை. எட்டு பிளக்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் பாருங்கள். அப்புறம் லீக்டவுன் சோதனை: பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து பிளக் ஓட்டை வழியாக 100 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்தில் காற்றைக் கொடுத்து எவ்வளவு கசிகிறது, எங்கே கசிகிறது என்று கேட்க வேண்டும். த்ராட்டில் பாடியில் சீறினால் இன்டேக் வால்வு. எக்ஸாஸ்ட் குழாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் மூடியில் ஊதினால் ரிங் அல்லது பிஸ்டன். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட் அல்லது ஹெட் விரிசல். கடைசியாக, ஆயில் ஃபில்டரை அறுத்து உள்ளே இருக்கும் மடிப்புத் தாளை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டுவது இரும்பு. ஒட்டாத மங்கின சாம்பல் நிறத் தகடு பேரிங். செம்பு நிறம் தெரிந்தால் பேரிங்கின் அடி உலோகமே வந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்த நான்கையும் செய்ய ஒரு மாலைப்பொழுது போதும். செய்யாமல் இன்ஜினை இறக்கினால் பாதி சாட்சியத்தைத் துடைத்துப்போட்ட மாதிரி.

அறிகுறி: ஓடுகிறது, ஆனால் முடிவுக்கோட்டில் வேகம் குறைந்துகொண்டே வருகிறது

ஓட்டம் முடிந்ததும் தருகிற டைம் ஸ்லிப்பில் எல்லோரும் நேரத்தைத்தான் பார்ப்பார்கள். நேரம் டயர் பிடிமானத்தையும் கிளம்புகிற விதத்தையும் பொறுத்து மாறும். இன்ஜினின் உண்மை நிலவரத்தைச் சொல்வது கால் மைல் முடிவில் இருக்கும் வேகம். அதற்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு: வேகத்தை (மணிக்கு மைலில்) 234-ஆல் வகுத்து, வந்த விடையின் கனத்தை (விடை × விடை × விடை) எடுத்து, வண்டியின் எடையால் (பவுண்டில்) பெருக்கினால் தோராயமான குதிரைத்திறன். 3,400 பவுண்டு வண்டி மணிக்கு 135 மைல் போனால் சுமார் 650. அதே வண்டி, அதே பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றழுத்தம்), இன்று 130 என்றால் 580-க்கு வந்துவிட்டது. 70 குதிரை எங்கேயோ தொலைந்திருக்கிறது.

வெயிலும் காற்றழுத்தமும் கொஞ்சம் தின்னும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். இன்டர்கூலர் குழாய் எங்காவது கழன்றிருக்கிறதா, எக்ஸாஸ்ட் விரிசல் விட்டிருக்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள். வெளியே ஒன்றும் இல்லையென்றால் லீக்டவுனுக்குப் போங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் 20 சதவீதத்துக்கு மேல் கசிந்தால் அடுத்த ஓட்டத்துக்கு வரிசையில் நிற்காதீர்கள்.

அறிகுறி: டிப்ஸ்டிக் எகிறி வருகிறது, நீலப்புகை, ஆயில் எங்கும் தெறிக்கிறது

கிராங்க்கேஸுக்குள் (கிராங்க் சுழலும் இன்ஜினின் அடிப்பகுதி) அழுத்தம் ஏறியிருக்கிறது. பயப்படுவதற்கு முன் மலிவான காரணத்தைப் பாருங்கள். கிராங்க்கேஸ் ஆவியை இழுக்கும் கம்பெனி பிசிவி குழாய் இன்டேக்கிலேயே மாட்டியிருந்தால், பூஸ்ட் வரும்போது அதே வழியாகக் காற்று கிராங்க்கேஸுக்குள் திரும்பப் போகும். நடுவில் ஒருவழி வால்வு இருக்கிறதா, அது பிடிக்கிறதா என்று வாயால் ஊதிப் பார்த்தாலே தெரிந்துவிடும். வால்வு கவர் இரண்டிலிருந்தும் தாராளமான குழாய் எடுத்து ஒரு கேட்ச் கேனுக்கு (ஆவியில் வரும் ஆயிலைப் பிடித்துவைக்கும் டப்பா) விடுவது டர்போ வண்டிக்குக் கட்டாயம்.

அது சரியாக இருந்து, லீக்டவுனில் ஆயில் மூடி வழியாகச் சீறினால், பிஸ்டனைப் பார்த்தே ஆக வேண்டும். 5.3-இல் நடப்பது பெரும்பாலும் இதுதான். மேல் ரிங் வெப்பத்தில் நீள்கிறது. கம்பெனி அதற்கு விட்டிருக்கும் இடைவெளி 300 குதிரைக்குக் கணக்குப் போட்டது. 700 குதிரையின் வெப்பத்தில் ரிங்கின் இரண்டு முனையும் முட்டிக்கொள்கின்றன. முட்டிய ரிங் சிலிண்டர் சுவரில் இறுகும். பிஸ்டன் நகர்ந்தாக வேண்டும். நடுவில் மாட்டிக்கொள்வது முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் இடையே இருக்கும் மெல்லிய விளிம்பு.

பிஸ்டனைக் கையில் எடுத்துப் பார்த்தால் எப்படிச் செத்தது என்று அதுவே சொல்லும். ரிங்கின் இரண்டு முனைகளும் சாணை பிடித்தாற்போல் பளபளவென்று இருந்தால் முட்டியிருக்கிறது. சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாக நேர்க்கோட்டில் சிராய்ப்பு இருக்கும். பிஸ்டனின் மேல்பகுதி ஒரு துண்டாகப் பிய்ந்து மேலே இழுபட்டிருக்கும், ஆனால் தலைப்பரப்பு சுத்தமாக இருக்கும். டெட்டோனேஷனில் (எரிபொருள் சீராக எரியாமல் வெடித்து அடிப்பது) செத்ததென்றால் முகமே வேறு: தலைப்பரப்பின் ஓரம் மணல் வாரியடித்ததுபோல் பொத்தல் பொத்தலாக, ரிங் விளிம்பு கீழ்நோக்கி உடைந்து, அந்த சிலிண்டர் பிளக்கின் பீங்கானில் மிளகுத்தூள் போல் கருப்புப் புள்ளிகளும், நடுநடுவே மின்னுகிற அலுமினிய மணிகளும். கம்பெனி பிஸ்டன் சிலிக்கான் அதிகமுள்ள வார்ப்பு அலுமினியம். தேய்மானத்துக்கு நல்லது. அடி விழுந்தால் வளையாது, உடையும்.

முட்டியிருந்தால் தீர்வு மலிவு. ரிங்கைக் கழற்றி, போருக்குள் சமமாக உட்காரவைத்து ஃபீலர் கேஜில் அளந்து, முனையை அரத்தால் தேய்த்து இடைவெளியைக் கூட்ட வேண்டும். டர்போ இன்ஜினுக்குப் பொதுவாகச் சொல்கிற கணக்கு, போர் விட்டம் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 6 தவு. 5.3-இன் போர் 3.78 அங்குலம், ஆக கிட்டத்தட்ட 23 தவு. டிராக் மட்டும் ஓட்டுகிறவர்கள் 24 முதல் 28 வரை விடுகிறார்கள். தேய்க்கும்போது ஒரு முனையை மட்டும் தேயுங்கள், வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கி. திருப்பித் தேய்த்தால் ரிங் முகத்தின் பூச்சு பெயர்ந்துவிடும். இரண்டாவது ரிங்குக்கு மேல் ரிங்கின் அளவோ அதைவிடக் கொஞ்சம் கூடவோ விடுங்கள்; நடுவில் அடைபட்ட காற்று வெளியேற வழி வேண்டும். இடைவெளி கூடினால் கொஞ்சம் புகை வரும், ஆயில் கொஞ்சம் குடிக்கும். வரட்டும். அளவுக்கு மீறின இடைவெளியால் பிஸ்டன் உடைந்து யாரும் பார்த்ததில்லை.

இந்த ஒரு வேலையைச் செய்துவிட்டு, கம்பெனி பிஸ்டன், கம்பெனி ராடு, கம்பெனி கிராங்கோடு டைனோவில் (திறனை அளக்கும் கருவி) ஆயிரம் குதிரையைத் தாண்டின இன்ஜின்கள் உண்டு. ஃபோர்ஜ்டு வாங்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

டெட்டோனேஷன் என்றால் பிஸ்டனை மாற்றுவது இரண்டாவது வேலை. முதல் வேலை எரிபொருள். பம்ப் அழுத்தத்தை பூஸ்டோடு சேர்த்து லாகில் (ஓட்டத்தின்போது பதிவான தரவு) பாருங்கள்: ஆரம்பம் 58 பிஎஸ்ஐ, பூஸ்ட் 15 என்றால் இன்ஜெக்டர்களுக்கு எரிபொருள் கொடுக்கும் ரெயிலில் 73 இருந்தாக வேண்டும். 66-இல் நின்றால் பம்ப் திணறுகிறது, அல்லது வயரிங்கில் வோல்டேஜ் விழுகிறது. ஈ85 எரிபொருளுக்கு (பெரும்பகுதி எத்தனால்) மாறுவது இந்தத் தொல்லைக்கு நல்ல மருந்து. வெப்பத்தைக் குடிக்கும், நாக் அடிக்காது. ஆனால் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகமாக ஊற்ற வேண்டும். பழைய பம்பும் இன்ஜெக்டரும் அதற்குப் பற்றாது.

அறிகுறி: கம்ப்ரெஷன் குறைவு, லீக்டவுன் நன்றாக இருக்கிறது

இதைப் பார்த்துப் பலர் குழம்புவார்கள். கசிவே இல்லை, அப்புறம் ஏன் அழுத்தம் வரவில்லை? பிஸ்டன் பழைய உயரத்துக்கு ஏறவில்லை. ராடு வளைந்திருக்கிறது.

பிளக் ஓட்டைக்குள் ஒரு கம்பியை விட்டு, டயல் கேஜில் பிஸ்டனின் உச்ச உயரத்தை எட்டு சிலிண்டருக்கும் அளந்து ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அதுதான். இதே அறிகுறி தேய்ந்த கேம் மேட்டிலும் வரலாம் என்பதால் ராக்கரின் (வால்வைத் தள்ளித் திறக்கும் நெம்பு) ஏற்றத்தையும் ஒரு கை பார்த்துவிடுங்கள்.

ராடு வளைவது சிலிண்டர் அழுத்தத்தால். குறைந்த ஆர்பிஎம்மில் பூஸ்டை முழுக்கக் கொட்டினால் டார்க் எகிறும், ராடு அங்கே வளையும். ராடு அறுந்து போவது வேறு கதை. அது உச்ச ஆர்பிஎம்மில், எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடிவில், பிஸ்டனின் எடை மேலே இழுக்கும்போது நடக்கிறது. அந்த இழுவிசை ஆர்பிஎம்மின் வர்க்கத்தில் ஏறும்: 6,000-லிருந்து 7,000 போனால் 36 சதவீதம் கூடுதல். ஆக, வளைந்தால் ட்யூனில் (இன்ஜின் கணினியின் அமைப்பில்) பூஸ்ட் ஏறும் இடத்தை 4,000 ஆர்பிஎம்முக்கு மேல் தள்ளுங்கள். அறுந்தால் ஆர்பிஎம் வரம்பைக் குறையுங்கள், அல்லது ராடை மாற்றுங்கள்.

அறிகுறி: கூலன்ட் வெளியே தள்ளுகிறது, குறைகிறது, ஆயில் பால் போல் இருக்கிறது

மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சாதாரணமாக ஓட்டும்போது ஒன்றுமில்லை, பூஸ்டில் மட்டும் ரேடியேட்டர் மூடி வழியாகத் தள்ளுகிறது என்றால் ஹெட் தூக்குகிறது. பழைய சிறிய பிளாக் ஷெவர்லேயில் ஒவ்வொரு சிலிண்டரைச் சுற்றியும் ஐந்து போல்ட் இருந்தன, எல்எஸ்ஸில் நான்குதான். கம்பெனி போல்ட் இழுபட்டு நீளும் ரகம், ஒருமுறை இறுக்கிக் கழற்றினால் குப்பைக்குத்தான். ஸ்டட் (இரு முனையிலும் மரையுள்ள, தலையில்லாத போல்ட்) போட்டு, பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கட் போடுங்கள். ஜெனரல் மோட்டார்ஸின் இன்னொரு இன்ஜினான எல்எஸ்9-இன் கேஸ்கட் பலரும் கை வைக்கிற ஒன்று. ஆர்டர் போடும் முன் பிளாக்கின் வருடத்தைப் பாருங்கள்: 2003 வரை இரண்டு நீளத்தில் போல்ட் இருக்கும், 2004-லிருந்து ஒரே நீளம். ஸ்டட் செட்டும் அதற்கேற்ப வேறு. இன்னொன்று: ஸ்டட் இறங்கும் ஓட்டைகள் அடி மூடியவை. உள்ளே கூலன்டோ ஆயிலோ தேங்கியிருக்கும்போது ஸ்டட்டை இறுக்கினால் திரவத்துக்குப் போக வழியில்லாமல் பிளாக் விரிசல் விடும். காற்றடித்து, துணி விட்டு, மறுபடி காற்றடியுங்கள்.

பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டில் ஒரே மாதிரி கம்ப்ரெஷன் குறைந்தால் நடுவில் கேஸ்கட் எரிந்திருக்கிறது. அங்கே ஹெட்டையும் பிளாக்கையும் நேர்விளிம்பு வைத்துப் பார்க்காமல் புதுக் கேஸ்கட் போடாதீர்கள்.

வெளியே ஒரு சொட்டும் ஒழுகவில்லை, புகையும் இல்லை, ஆனால் கூலன்ட் மெதுவாகக் குறைந்துகொண்டே வருகிறது. வால்வு கவரைக் கழற்றி ஹெட்டின் வார்ப்பு எண்ணைப் பாருங்கள். 706 என்று இருந்து, கூடவே காஸ்டெக் என்ற வார்ப்பு முத்திரையும் இருந்தால் சந்தேகம் அங்கேதான். 2000-களின் முதல் பாதியில் வந்த இந்த ஹெட்களில் ஒரு பகுதி, வால்வு கவருக்கு உள்ளே ஹெட் போல்ட் பக்கம் மயிரிழை விரிசல் விட்டு, கூலன்டை ஆயிலுக்குள் வியர்க்கவிடும். உலோகம் கருப்பேறிக் கிடக்கிற இடத்தில் அந்தப் பகுதி மட்டும் கழுவிவிட்டது போல் வெளுத்திருக்கும். ஒட்டவைக்கப் பார்க்காமல் வேறு ஹெட் தேடுங்கள், காயலான் கடையில் மலிவுதான்.

ஈ85 ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டிரெய்லரிலிருந்து இறக்கி, ஒரு ஓட்டம் ஓட்டி, மறுபடி ஏற்றினால் இன்ஜின் முழுதாகச் சூடாவதே இல்லை. எரியாத எத்தனாலும் ஈரமும் ஆயிலில் இறங்கி அதுவும் பால் நிறம் காட்டும். கூலன்ட் அளவு இறங்காமல் ஆயில் மட்டும் வெளுத்தால் ஹெட்டைக் கழற்றாதீர்கள். ஆயிலை மாற்றுங்கள், அடிக்கடி.

அறிகுறி: மேல் ஆர்பிஎம்மில் பொட் பொட்டென்று வெட்டுகிறது

முதலில் பிளக் இடைவெளி. கம்பெனி அளவு 40 தவு. பூஸ்ட் ஏறினால் அந்த தூரத்தைத் தாண்ட தீப்பொறிக்கு வலு போதாது. 20, 22 தவுக்குக் குறைத்து, ஒன்றிரண்டு படி குளிர்ந்த பிளக்காகப் போட்டு ஓட்டிப் பாருங்கள். பாதிப் பேருக்கு இதோடு முடிந்துவிடும்.

முடியவில்லையென்றால் வால்வு ஸ்பிரிங். இதற்கு ஒரு சின்னக் கணக்கு போடலாம். 5.3-இன் இன்டேக் வால்வு விட்டம் 1.89 அங்குலம், பரப்பு 2.8 சதுர அங்குலம். 20 பிஎஸ்ஐ பூஸ்ட் அதன் முதுகில் தள்ளினால் 56 பவுண்டு. கம்பெனி ஸ்பிரிங் வால்வை மூடிவைக்கும் விசையே சுமார் 80 பவுண்டுதான். அதுவும் புதிதாக இருக்கும்போது. லட்சம் மைல் ஓடிக் களைத்த ஸ்பிரிங்கிடம் என்ன மிச்சம் இருக்கும்? வால்வு சீட்டில் குதிக்கிறது, பவர் ஒரு ஆர்பிஎம்மில் சுவரில் முட்டியதுபோல் நிற்கிறது. எக்ஸாஸ்ட் பக்கத்திலும் டர்போவுக்கு முன்னால் தேங்கும் அழுத்தம் இதே வேலையைச் செய்யும். பூஸ்டை இரண்டு பிஎஸ்ஐ குறைத்ததும் வெட்டு இன்னும் மேல் ஆர்பிஎம்முக்குத் தள்ளிப்போனால் ஸ்பிரிங் என்று உறுதி செய்துகொள்ளலாம்.

தேன்கூடு வடிவ ஸ்பிரிங் செட் ஒன்றும், தடித்த சுவருள்ள கெட்டிப்படுத்தின புஷ்ராடும் போடுங்கள். கம்பெனி புஷ்ராடு நீளம் 7.4 அங்குலம். கேஸ்கட் தடிமனோ கேமோ மாறியிருந்தால் நீளத்தை அளக்காமல் வாங்கக் கூடாது. கேம் மாற்றாமல் பூஸ்டை ஏற்றுகிறவர்கள் ஸ்பிரிங்கை விட்டுவிடுவது வழக்கம். என்னைக் கேட்டால் இந்த இன்ஜினில் ரிங் இடைவெளிக்கு அடுத்தபடியாகக் காசு போட வேண்டிய இடம் இதுதான்.

அறிகுறி: ஆயில் அழுத்தம் சரியில்லை

ஆயிரம் ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்பது பழைய கணக்கு, இன்றைக்கும் போதும்.

எப்போதுமே குறைவாக இருந்தால் ஆயில் பம்ப் உறிஞ்சு குழாயின் ஓ-ரிங்கைச் சந்தேகியுங்கள். எல்எஸ்ஸின் தீராத நோய் இது. ஓ-ரிங் கிழிந்தோ காய்ந்தோ போனால் பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து இழுக்கும். சோதிக்க ஒரு சுலபமான வழி: ஒரு குவார்ட் ஆயில் கூடுதலாக ஊற்றிப் பாருங்கள். ஓ-ரிங் ஆயிலுக்குள் மூழ்கும், அழுத்தம் ஏறிவிடும். ஏறினால் பேரிங் பிழைத்திருக்கிறது, சில டாலர் ரப்பர் வளையம்தான் செலவு. சோதனை முடிந்ததும் அந்தக் கூடுதல் ஆயிலை இறக்க மறக்க வேண்டாம்.

ஓடும்போது நன்றாக இருந்து, முடிவுக்கோட்டைத் தாண்டி பிரேக் பிடிக்கும்போது முள் விழுந்தால் அது ஆயில் தொட்டி விவகாரம். தொட்டியின் ஆழமான பகுதி பின்பக்கம். கிளம்பும்போது ஆயில் பின்னே ஒதுங்கும், உறிஞ்சு குழாய்க்குக் கொண்டாட்டம். பிரேக் பிடித்தால் எல்லாம் முன்னே ஓடிவிடும். தடுப்புத் தகடு வைத்த தொட்டி போடுங்கள். அதுவரை பிரேக் பிடிக்கும்போது ஆர்பிஎம்மைக் கீழே வைத்திருங்கள்.

சூடானதும் மெல்ல மெல்லக் குறைந்தால் பேரிங் இடைவெளி. ஃபில்டரை அறுக்க வேண்டிய நேரம் அது.

அறிகுறி: சத்தம்

சத்தத்தை வைத்து இன்ஜினைப் பிரித்தவர்கள் நிறைய ஏமாந்திருக்கிறார்கள். அதனால் வெளியிலிருந்து உள்ளே போங்கள்.

குளிர்ந்த இன்ஜினில் டிக் டிக் என்று கேட்டு, சூடானதும் மறைந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் பின்பக்க போல்ட் தலை அறுந்திருக்கிறதா பாருங்கள். இந்த பிக்கப் இன்ஜின்களில் அது சர்வசாதாரணம். குளிரில் மட்டும் மந்தமான கடகட, அதுவும் ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டபிறகு என்றால், 2618 ரக அலுமினியம் சூடாகி விரியும் வரை போருக்குள் ஆடுகிறது. அது நோயே இல்லை.

மேலே, வால்வு கவர் பக்கம் டிக் டிக் என்றால் ராக்கர். எல்எஸ் ராக்கரின் அச்சில் இருக்கும் ஊசி பேரிங்குகளுக்குக் கூண்டு கிடையாது. அச்சு தேய்ந்தால் ஊசிகள் ஒவ்வொன்றாக ஆயிலில் உதிரும். ஃபில்டரில், அல்லது தொட்டியின் அடியில் காந்தத்தில், குண்டூசியை நறுக்கினாற்போல் சின்னச் சின்ன உருளைகள் கிடைத்தால் இதுதான். வெண்கல புஷ் செட் அடித்துவிட்டால் தீர்ந்தது. நான்காம் தலைமுறையில் சிலிண்டர் அணைக்கும் வசதி உள்ள ரகம் என்றால் 1, 4, 6, 7 ஆகிய நான்கிலும் தனி வகை டேப்பட். அது சிக்கிக்கொண்டால் டிக்கோடு மிஸ்ஃபயரும் வரும். ரேஸ் இன்ஜினில் அந்த வசதியையே கழற்றி எறியுங்கள்: சாதா டேப்பட், புதுக் கேம், அந்த ஆயில் வழிகளை அடைக்கும், சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவில் வரும் பள்ளத்தாக்கு மூடி, மூன்றும் சேர்ந்து.

கீழே கனமான தட்டல். இங்கேயும் ஒரு நிமிடம் பொறுங்கள். கியர்பாக்ஸுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் ஃப்ளெக்ஸ்பிளேட் விரிசல் விட்டாலும், கன்வர்ட்டர் (தானியங்கி கியர்பாக்ஸின் டார்க் கன்வர்ட்டர்) போல்ட் தளர்ந்தாலும் அசல் ராடு தட்டுவது மாதிரியே கேட்கும். அடி மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள்.

அதுவும் இல்லை, ஒரு சிலிண்டர் இன்ஜெக்டரைத் துண்டித்தால் தட்டல் அடங்குகிறது என்றால் அந்த ராடின் பேரிங். தொட்டியை இறக்கி, கேப்பைக் கழற்றி, பேரிங்கின் இரண்டு பாதி ஓடுகளையும் எடுத்து அருகருகே வையுங்கள். ராடு பக்கத்து மேல் ஓடு அடிபட்டு, நடுப்பகுதி மினுங்கி, செம்பு தெரிகிறது, கேப் பக்கத்து ஓடு நன்றாக இருக்கிறது: எரியும் அழுத்தம் அடித்திருக்கிறது. டெட்டோனேஷன் அல்லது அளவுக்கு மீறின டைமிங். கேப் பக்கம் அடிபட்டிருந்தால் ஆர்பிஎம். இரண்டுமே சமமாகக் கருகியிருந்தால் ஆயில் வரவில்லை. மெயின் பேரிங்கில் இது தலைகீழ். எரியும் அழுத்தம் கிராங்கைக் கீழே தள்ளுவதால் கேப் பக்கத்து ஓடுதான் முதலில் வாங்கும்.

புதுப் பேரிங் போடும்போது இடைவெளி, அச்சு விட்டம் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு தவு என்பது நடைமுறை. ராடு அச்சு 2.1 அங்குலம், ஆக 2.1 தவு, மெயின் 2.56, ஆக இரண்டரை. டிராக் இன்ஜினுக்கு அதற்கு மேல் அரைத் தவு கூட்டலாம், ஆயிலும் அதற்கேற்பக் கெட்டியாக. மெயின் கேப்பும் பிளாக்கும் ஒட்டும் முகத்தைத் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உறைபனி படிந்தது போல் மங்கிய திட்டு இருந்தால் கேப் ஆடுகிறது. மெயின் ஸ்டட் போடலாம், ஆனால் ஸ்டட் இறுக்கினால் ஓட்டையின் வட்டம் மாறும். லைன் ஹோனிங் (மெயின் ஓட்டைகளை ஒரே நேராக, வட்டமாகச் சீராக்குவது) பார்க்காமல் ஸ்டட் மட்டும் போட்டால் புதுப் பேரிங்கைத் தின்றுவிடும்.

பிளாக்கில் ஜன்னல் (உடைந்த ராடு குத்திய ஓட்டை) விழுந்துவிட்டது, அல்லது 900-க்கு மேல் போயே தீர வேண்டும்

இப்போது ஃபோர்ஜ்டு. 4340 ஸ்டீல் ராடு, ஃபோர்ஜ்டு பிஸ்டன், புது ஆறு போல்ட் இரும்பு பிளாக். ராடும் பிஸ்டனும் ஜோடியாகத்தான் வாங்க வேண்டும்: கம்பெனி ராடு 6.098 அங்குலம், சந்தையில் கிடைக்கும் ராடு பெரும்பாலும் 6.125; பின் விட்டமும் வேறு. பழைய ராடுக்கு நல்ல போல்ட் மட்டும் போட்டு மிச்சம் பிடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். கம்பெனி ராடின் கேப் வெட்டிப் பிரித்ததல்ல, உடைத்துப் பிரித்தது. அதன் முகத்தை உரசி வட்டத்தைச் சரிசெய்ய வழியில்லை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

பிஸ்டனில் இரண்டு உலோகம். 4032-இல் சிலிக்கான் அதிகம், விரிவு குறைவு, சத்தமில்லாமல் ஓடும். தெருவிலும் ஓட்டுகிற வண்டிக்குச் சரி. 2618 அடி தாங்கும், உடையாமல் நசுங்கும். பெரிய பூஸ்டுக்கு அதுதான், போரில் நான்கைந்து தவு இடைவெளி கொடுத்து. ரிங் இடைவெளிக் கணக்கு இங்கேயும் அதேதான். ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டதால் ரிங் நீளாமல் இருக்காது.

கிராங்க்? வார்ப்பு இரும்புதான், ஆனால் அசாத்தியமாகத் தாங்கும். பேரிங் ஆரோக்கியமாக இருக்கும் வரை அதை மாற்ற அவசரப்பட வேண்டாம்.

அறிகுறி: கிராங்க் முன்னும் பின்னும் ஆடுகிறது

தானியங்கி கியர்பாக்ஸில் டிரான்ஸ்பிரேக் (கியர்பாக்ஸைப் பூட்டி வண்டியை நிறுத்திவைத்து விடுவது) போட்டுக் கிளம்புகிறவர்களுக்கு இது வரும். கன்வர்ட்டர் அழுத்தத்தில் உப்பினாலோ, பின்னே ஒதுங்க இடமில்லாமல் மாட்டியிருந்தாலோ கிராங்கை முன்னே தள்ளிக்கொண்டே இருக்கும். அதைத் தாங்குவது நடு மெயினில், மூன்றாம் எண்ணில், இருக்கும் த்ரஸ்ட் பேரிங். தள்ளிய பக்கத்து முகம் மட்டும் தேய்ந்து அடி உலோகம் தெரியும். மறுபக்கம் புதிதுபோல் இருக்கும்.

டயல் கேஜை கிராங்கின் முன்முனையில் வைத்து, நெம்புகோலால் முன்னும் பின்னும் தள்ளி அளவு எடுங்கள். 8 தவுக்குள் இருந்தால் நல்லது. தாண்டியிருந்தால் பேரிங் மாற்றும் முன் கன்வர்ட்டரைப் பாருங்கள்: போல்ட் போடும் முன், அதை ஃப்ளெக்ஸ்பிளேட் வரை முன்னே இழுக்கும் தூரம் கால் அங்குலத்துக்கும் குறைவாக, ஆனால் எட்டில் ஒரு பங்கு அங்குலமாவது இருக்க வேண்டும். இழுக்கவே இடமில்லையென்றால் த்ரஸ்ட் பேரிங் எத்தனை மாற்றினாலும் போய்க்கொண்டேதான் இருக்கும். சரியான கன்வர்ட்டர் வாங்கி அந்த தூரத்தை முதலில் சரிசெய்யுங்கள். ஃப்ளெக்ஸ்பிளேட்டையும் அதே கையோடு எஸ்எஃப்ஐ (ரேஸ் பாகங்களுக்கான பாதுகாப்புத் தரம்) 29.1 முத்திரை உள்ளதாகவும், முன்பக்க டாம்பரை (கிராங்கின் அதிர்வை அடக்கும் சக்கரம்) 18.1 முத்திரை உள்ளதாகவும் மாற்றிவிடுங்கள். வண்டி 10.99 நொடிக்குள் வந்துவிட்டால் டாம்பரில் அந்த முத்திரை இருக்கிறதா என்று தொழில்நுட்பப் பரிசோதனையில் கேட்பார்கள்.